கூந்தன்குளத்துப் படங்கள் ஏறாத ஞாயிறு: ஒரு சின்ன மாஸ்டடான் சர்வரின் நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, விடியக்காலமே வந்து வரித்தலை வாத்து முப்பது நாப்பது எடுத்திருக்கேன். ஒண்ணுகூட ஏற மாட்டேங்கு. சுத்திக்கிட்டே கெடக்கு." அவர் நின்றது கூந்தன்குளம் குளக்கரையில், நான் படுக்கையில். "அங்க சிக்னல் கம்மி அண்ணாச்சி, ஊருக்குள்ள வந்து போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஒன்பது மணிக்குள் இன்னும் மூன்று பேர் அழைத்துவிட்டார்கள். அதில் ஒருவர் இருந்தது பெங்களூரில். சிக்னல் கதை அதற்குமேல் ஓடவில்லை.

நாங்கள் பதினான்கு பேர். திருநெல்வேலியைச் சுற்றிப் பறவைப் படம் எடுப்பவர்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் தரம் பாழாகிறது, மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை. பெரிய தளங்களிலோ கழுகுப் படத்துக்கும் கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் ஒரே இடம். சரி, நாமே ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்துக்கொள்வோம் என்று 2023 ஆகஸ்டில் நான்தான் வாயைக் கொடுத்தேன். அதனால் பராமரிப்பும் என் தலையில் விழுந்தது.

மாஸ்டடானைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜெர்மனியில் யூகன் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள் அது. ட்விட்டர் போலவே தெரியும், ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே தளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். இந்தப் போக்குவரத்துக்கான மொழி ஆக்டிவிட்டிபப். அதை வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் தரநிலையாக ஏற்றது. மாஸ்டடான் அல்லாத பல மென்பொருள்களும் இதே மொழியில் பேசுகின்றன. மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர் எங்களுடையது. இரண்டு சிபியு, 4 ஜிபி ராம், 80 ஜிபி டிஸ்க். மாதம் தொள்ளாயிரம் ரூபாய் சொச்சம், பதினான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு. நிறுவியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கையேட்டைப் பார்த்துச் செய்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் தகராறு முகவரியில் வந்தது. எங்கள் குழுவுக்கு ஏற்கெனவே ஒரு டொமைன் இருந்தது. முகவரி அந்தப் பெயரிலேயே சுருக்கமாக இருக்கட்டும், மாஸ்டடான் மட்டும் ஒரு துணை டொமைனில் ஓடட்டும் என்று நினைத்தேன். இதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஒருமுறை முடிவு செய்தால் பின்னால் மாற்ற முடியாது, ஏனென்றால் மற்ற சர்வர்கள் உங்களை அந்தப் பெயரில்தான் நினைவில் வைத்திருக்கும். டொமைன் கையைவிட்டுப் போனால் ஆட்களின் அடையாளமும் போகும். 2024 பிப்ரவரியில் குவீர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு அதுதான் நடந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீடு. தாலிபான் அரசு அந்த டொமைனை நிறுத்தியது, சர்வர் அந்தப் பெயரில் இல்லாமல் போனது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று வேறு நாட்டுக் குறியீட்டை வாங்க நினைப்பவர்கள் ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

எங்கள் தகராறு அவ்வளவு பெரிதில்லை, அசட்டுத்தனமானது. நாங்கள் வெளியூர் சர்வரில் ஒருவரைப் பின்தொடர அழுத்தினால், "கோரிக்கை அனுப்பப்பட்டது" என்றே நிற்கும். மூன்று நாள் அப்படியே நின்றது. அண்ணாச்சி, "அவுக நம்மள சேத்துக்க மாட்டாகளோ" என்றார்.

உள்ளே நடப்பது இது. நான் ஒருவரைப் பின்தொடர்கிறேன் என்றால், என் சர்வர் அவருடைய சர்வருக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்புகிறது. அதில் எனக்கென்று உள்ள ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். வாங்கிய சர்வர் அதை அப்படியே நம்பிவிடாது. கடிதத்தில் சொன்ன ஆள் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா என்று நம் டொமைனுக்கே திரும்பி வந்து விசாரிக்கும். வெப்ஃபிங்கர் என்ற முறை அது. ஒரு குறிப்பிட்ட பாதைக்கு வந்து, பாதையின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குப் பின்னால் "இன்னார் இங்கே உண்டா?" என்று முகவரியை எழுதிக் கேட்கும். உண்டு என்று பதில் வந்தால்தான் கையெழுத்தைச் சரிபார்த்து மேலே போகும்.

விசாரணை வருவது எங்கள் முதன்மை டொமைனுக்கு. ஆள் இருப்பது துணை டொமைனில். அதனால் அங்கே வருபவர்களை இங்கே திருப்பிவிட, வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரி பாதையைத் திருப்பியது, கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததை வழியிலேயே உதிர்த்துவிட்டது. வாசலில் வந்து "முருகேசன் வீடு எது?" என்று கேட்டவரை, பெயரை மறந்துவிட்டுத் தெருவுக்குள் அனுப்பியது போல. என் பக்கத்து லாக்கில் (சர்வர் எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பு) அத்தனையும் தெளிவாக இருந்தது: வெளியூர் சர்வர் வருகிறது, பெயரில்லாத கேள்வி உள்ளே போகிறது, பிழை என்று பதில் போகிறது. நான்தான் மூன்று நாளாக வேறு லாக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். கோரிக்கையை ரத்துசெய்து மறுபடி அழுத்தியதும் இரண்டு நொடியில் ஏற்றுக்கொண்டார்கள்.

இணைந்தாகிவிட்டது. ஆனால் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. புது சர்வர் வைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை துவண்டு போவார்கள். ஃபெடிவர்ஸில் உள்ளதெல்லாம் நம் சர்வருக்குத் தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்போம். வராது. நம் பதினான்கு பேரில் ஒருவராவது பின்தொடரும் ஆட்களின் பதிவுகள்தான் வரும், அதுவும் பின்தொடரத் தொடங்கிய பிறகு போட்டவை. ஒரு புகழ்பெற்ற பறவையியலாளரின் பக்கத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் பதிவு இருப்பதாக எண் காட்டும், கீழே ஒன்றும் இருக்காது. ஒரு பதிவுக்கு நாற்பது மறுமொழி வந்திருக்கும், நமக்கு மூன்று தெரியும். புதிய பதிப்புகளில் மறுமொழிகளைத் தேடி எடுத்துவரும் வேலை சேர்ந்திருக்கிறது. நாங்கள் தொடங்கியபோது அது கிடையாது.

குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. இளையவன் ஒருவன், "யாருமே இல்லாத கடையில யாருக்குண்ணே டீ ஆத்துறோம்?" என்றே கேட்டுவிட்டான். இந்தக் கதையில் நான் செய்த உண்மையான தவறு இங்கேதான். டிசம்பர் கடைசியில் ஒரு ரிலேயைச் சேர்த்தேன். ரிலே என்பது ஒரு பொதுக் குழாய். அதில் சேர்ந்த சர்வர்கள் எல்லாம் தங்கள் பொதுப் பதிவுகளை அதற்குள் ஊற்றும், குழாய் அதை மற்ற எல்லோருக்கும் பாய்ச்சும். ஒரே இரவில் கடை நிரம்பிவிட்டது. பின்னிஷ் மொழியில் பனிப்படங்கள், ஜப்பானியப் பூனைகள், யாரோ ஒருவர் தினமும் வரையும் ரயில் எஞ்சின்கள். பசங்களுக்கு ஒரே குஷி. மூன்று வாரம் யாரும் குறை சொல்லவில்லை.

நான்காவது வாரம் அந்த ஞாயிறு.

சர்வருக்குள் நுழைந்து டிஸ்க் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். 100 சதவீதம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் விடியற்காலை நாலேகாலுக்கே நின்றுபோயிருந்தது. அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். குறிப்பேட்டில் எழுத இடமில்லை என்றால் பொய்க்கணக்கு எழுதாமல் கடையைச் சாத்திவிடும். அது அதன் நற்குணம். வேலை வரிசைகளை வைத்திருக்கும் ரெடிஸும் தன் நிலையைச் சேமிக்க முடியாமல் புதிதாக எதையும் எழுத மறுத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் வாத்துகளுக்கு நிற்க இடமே இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியது, எல்லாம் இவர்கள் படங்கள்தான் என்று. ஒவ்வொருவரும் ஒரு பறவைக்கு எட்டுப் படம் போடுபவர்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி என்ன பேசுவது என்றுகூட மனதில் ஓடியது. நல்லவேளை, பேசவில்லை.

இடம் ஒழிக்கப் போனால் அதிலும் ஒரு முடிச்சு. பழைய படங்களை அழிக்க மாஸ்டடானிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளை ஓட டேட்டாபேஸ் ஓட வேண்டும். டேட்டாபேஸ் ஓட டிஸ்கில் இடம் வேண்டும். கோப்புறையை நேரடியாகப் போய் அழிக்கலாமே என்று கை பரபரத்தது. அப்படிச் செய்தால் எந்தப் படம் இருக்கிறது, எது இல்லை என்பதில் டேட்டாபேஸுக்கும் டிஸ்குக்கும் கணக்கு உதைக்கும். அதைவிட மோசம், எங்கள் படங்களும் சேர்ந்து போகலாம். அப்புறம் இப்படிச் செய்தேன். முதலில் சைட்கிக்கை நிறுத்தினேன். வெளியூர்க் கடிதங்களைப் பிரித்துப் படங்களை இறக்கும் வேலைக்காரன் அவன்தான், அவனை விட்டுவைத்தால் ஒழித்த இடத்தை அடுத்த நிமிடமே நிரப்பிவிடுவான். பிறகு சர்வரின் பழைய சிஸ்டம் லாக்குகளையும், மாஸ்டடானின் முந்தைய பதிப்புகளைப் பொதிந்து வைத்திருந்த டாக்கர் இமேஜ்களையும் நீக்கினேன். நாலரை ஜிபி கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் எழுந்தது. அதன் பிறகுதான் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று மாஸ்டடானிடமே கேட்டேன்.

பதினான்கு பேர் ஐந்து மாதமாகப் போட்ட அத்தனை படங்களும் சேர்ந்து 1.7 ஜிபி. வெளியூர்க்காரர்களின் படங்களும் காணொளிகளும் 49 ஜிபி. முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்களும் மேற்பட்டைப் படங்களும் மட்டும் 5 ஜிபியைத் தாண்டியிருந்தன.

அண்ணாச்சி ஒரு பறவைக்கு எட்டுப் படம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். மாஸ்டடான் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பதிவின் படத்தையும் இறக்கி, தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. இல்லையென்றால் இங்கே ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அந்த வெளியூர் சர்வர் படம் பரிமாற வேண்டும், அதோடு பார்ப்பவரின் ஐபி முகவரியும் அவர்களுக்குப் போகும். அந்தப் பிரதிகளை எத்தனை நாளில் கழிப்பது என்பதற்கு நிர்வாகப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. நான் நிறுவியபோது அது காலியாக இருந்தது. காலி என்றால் என்றென்றைக்கும் என்று பொருள். நான் காலியாகவே விட்டிருந்தேன்.

பயனர் எண்ணிக்கையை வைத்துச் சர்வர் அளவைக் கணிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பது முக்கியமில்லை, அவர்கள் எத்தனை பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரிலே சேர்ப்பது ஊர் முழுக்க மைக் வைத்து அழைப்பதற்குச் சமம்.

இதே நோய் பெரிய அளவில் வந்த இடம் ஹேக்கிடெர்ம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பல சர்வர்களை ஒருங்கே நிர்வகிக்க உதவும் கூபர்நெட்டிஸ் மென்பொருள் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட பொறியாளர் கிரிஸ் நோவா, தன் வீட்டு அடித்தளத்து அறையில் பழைய டெல் சர்வர்களை அடுக்கி நடத்திய மாஸ்டடான் அது. 2022 அக்டோபர் 27-ல் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்ததும் அங்கிருந்து கிளம்பிய தொழில்நுட்பக்காரர்கள் பலர் ஹேக்கிடெர்முக்கு வந்து இறங்கினார்கள். சில நூறு நண்பர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த சர்வரில் ஒரே மாதத்தில் சுமார் 30,000 பேர். பக்கம் திறக்காது, படம் வராது, 502 பிழை. அங்கே இருந்தவர்கள் என்னைப் போல அரைகுறைகள் இல்லை, இதுவே தொழிலாக இருப்பவர்கள். அவர்களும் சைட்கிக்கைக் கூட்டினார்கள், டேட்டாபேஸைத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கை காட்டியது ஆலிஸ் என்று அவர்கள் பெயரிட்டிருந்த முதன்மைச் சர்வரின் டிஸ்க்குகளை. அந்த எஸ்எஸ்டிகள் மெதுவாகிப் போயிருந்தன. டேட்டாபேஸும் அதே பெட்டியில். படங்களும் அங்கேதான், அவற்றை என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக மற்ற சர்வர்களும் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரு படத்தை எழுத டிஸ்க் தாமதித்தால், எழுதக் காத்திருக்கும் வேலைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கைகட்டி நிற்கும்போது பக்கம் கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. வெளியே பார்ப்பவருக்கு நெட்வொர்க் கோளாறு போலத் தெரியும்.

அவர்கள் அதிலிருந்து மீண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படங்களை டிஜிட்டல் ஓஷன் நிறுவனத்தின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற இணையக் கோப்புக் கிடங்குக்கு மாற்ற வேண்டும். ஆனால் ஏற்கெனவே திணறும் டிஸ்கிலிருந்து அத்தனையையும் ஒரே மூச்சில் படித்தெடுத்தால் அது மொத்தமாகப் படுத்துவிடும். அதனால் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸிடம், கேட்கும் படம் புது இடத்தில் இருந்தால் அங்கிருந்து கொடு, இல்லையென்றால் பழைய டிஸ்கில் போய்ப் பார் என்று சொல்லிவைத்தார்கள். புதிதாக வருவதெல்லாம் புது இடத்துக்கே போகும். பழையது பின்னணியில் மெல்ல நகரும். பயனர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடு மாறியாகிவிட்டது. சர்வர்களும் ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் என்ற வாடகைச் சர்வர் நிறுவனத்தின் இயந்திரங்களுக்குப் போயின. நடந்ததையெல்லாம், தடுமாறிய இடங்கள் உட்பட, டிசம்பர் தொடக்கத்தில் நோவாவே விரிவாக எழுதி வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் மலையேற்ற விபத்தில் அவர் இறந்துவிட்டார். அவர் தொடங்க உதவிய நிவென்லி அறக்கட்டளையின் கீழ் ஹேக்கிடெர்ம் இன்றும் ஓடுகிறது.

எங்களுக்கு வருவோம். ரிலேயைப் பிடுங்கினேன். காலிக் கட்டத்தில் 7 நாள் என்று போட்டேன். ஏழு நாளைத் தாண்டிய வெளியூர்ப் படங்களை அழிக்கும் கட்டளை ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆனது, 34 ஜிபி திரும்பக் கிடைத்தது. அழித்ததால் எதுவும் தொலைந்துபோகவில்லை. யாராவது அந்தப் பழைய பதிவைத் திறந்தால் மூல சர்வரிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம். மதியம் ஒன்றரைக்குச் சைட்கிக்கை எழுப்பினேன்.

அடுத்து நடந்ததை டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். உள்ளே வந்து காத்திருக்கும் கடிதங்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது: நானூறு, இரண்டாயிரம், ஒன்பதாயிரம். நாங்கள் ஒன்பது மணி நேரம் செத்துக் கிடந்தபோது வெளியூர் சர்வர்கள் எங்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. மாஸ்டடான் ஒருமுறை தட்டிவிட்டு விட்டுவிடாது. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வரும். ஏழு நாள் தொடர்ந்து கதவு திறக்கவில்லை என்றால்தான் "இந்த வீட்டில் யாரும் இல்லை" என்று குறித்துக்கொள்ளும். அதனால் காலையில் நாங்கள் தவறவிட்ட பதிவுகளில் பெரும்பகுதி மாலைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. தபால்காரர் சீட்டு எழுதி வைத்துவிட்டு மறுநாள் வருவதுபோல் ஒரு மரியாதை அதில் இருக்கிறது. அண்ணாச்சியின் வாத்துகளும் நாலு மணிக்கு ஏறின. "காலை வெளிச்சம்" என்று அவர் எழுதியிருந்ததை மாற்றவில்லை.

அடுத்த மாதம் வேறொரு பாடம், இது அக்கம்பக்கத்தாரைப் பற்றியது. 2024 பிப்ரவரியில் ஃபெடிவர்ஸ் முழுக்க ஒரு ஸ்பாம் அலை அடித்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு நிர்வாகி எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன சர்வர்களில் தானியங்கியாகக் கணக்கு திறந்து, அங்கிருந்து எல்லோருக்கும் குப்பையை அனுப்பினார்கள். வாங்கியவர்கள் என்ன செய்ய முடியும்? கணக்கு கணக்காகத் தடுத்து மாளாது, சர்வரையே தடுத்தார்கள். எங்கள் சர்வரில் பதிவு ஒப்புதலின் பேரில் மட்டும் என்று வைத்திருந்ததால் தப்பித்தோம். அது என் முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று இரண்டு பேர் அடம்பிடித்ததால் வைத்தது. சின்ன சர்வருக்குச் சொத்து அதன் பெயர்தான். ஒரு பெரிய சர்வரின் நிர்வாகி நம்மைத் தடுத்துவிட்டால், நம் ஆட்களுக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் இருந்த தொடர்பு ஒரே சொடுக்கில் அறுந்துவிடும். பின்னால் தடையை நீக்கினாலும் விட்டுப்போன பின்தொடர்வோர் தானாகத் திரும்புவதில்லை. எங்கள் சர்வரின் அறிமுகப் பக்கத்தில் நிர்வாகியைத் தொடர்புகொள்ளும் முகவரி சரியாக இருக்கிறதா என்று அன்று முதல்முறையாகப் பார்த்தேன். நான் திறக்காத ஒரு மின்னஞ்சல் அதில் இருந்தது. மாற்றினேன்.

இன்னொன்றும் குழுவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது பூட்டிய உறை கிடையாது. டேட்டாபேஸைத் திறக்கக்கூடிய நிர்வாகி நினைத்தால் படிக்கலாம், செய்தியைப் பெறுபவர் இருக்கும் சர்வரின் நிர்வாகியும் படிக்கலாம். வங்கி விவரம், கூடு இருக்கும் இடத்தின் துல்லியமான அடையாளம் எதுவும் அதில் வேண்டாம். இரண்டாவதைச் சொன்னதும்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதே வேலையை இன்று தொடங்கினால் மாஸ்டடானை எடுப்பேனா என்று சிலர் கேட்டார்கள். பதினான்கு பேருக்குக் கொஞ்சம் அதிகம்தான். கோடுசோஷியல் என்று ஒன்று இருக்கிறது, எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸிலேயே ஓடும், மிகக் குறைந்த ராமில் அடங்கும், ஃபெடிவர்ஸோடு நன்றாகவே பேசும். பதிவு போட அதற்கென்று தனி வலைப்பக்கம் கிடையாது, வேறு ஏதாவது ஓர் ஆப் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி கணினியில்தான் படத்தைத் திருத்தி ஏற்றுவார் என்பதால் நாங்கள் மாறவில்லை.

இப்போது டிஸ்க் 43 சதவீதத்தில் நிற்கிறது. 75-ஐத் தொட்டால் என் போனுக்கும் பெங்களூர் நண்பருக்கும் செய்தி வரும். டேட்டாபேஸ் தினமும் இரவு வேறொரு ஊரில் உள்ள இடத்துக்கு நகலாகிறது, அமைப்புக் கோப்பும் கூடவே போகிறது. ஆட்களின் கையெழுத்துச் சாவிகள் டேட்டாபேஸில், டேட்டாபேஸில் பூட்டி வைத்த சில தகவல்களைத் திறக்கும் ரகசியங்கள் அமைப்புக் கோப்பில். ஒன்றிருந்து ஒன்றில்லாமல் முழுப் பயனில்லை. அந்த நகலிலிருந்து சர்வரை மீட்டெடுக்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை, வாத்துகள் கிளம்பிய பிறகு, நானும் பெங்களூர்க்காரரும் உட்கார்ந்து பார்ப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். முதல் ஆண்டு செய்தோம், இரண்டரை மணி நேரம் ஆனது. இந்த ஆண்டு இன்னும் செய்யவில்லை.